புலன் நாட்டமும் பாதுகாப்பு எல்லையும்: ஆட்டிசக் குழந்தைகளின் கல்வி குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

உயிர்களை அவற்றின் அறிவு வகையால் பகுத்துக் காட்டிய பெருமை தொல்காப்பியருக்கு உண்டு. மரபியலில் அவர் தொடுவுணர்வை முதலாவதாக வைத்தார். சுவை, மணம், காட்சி, கேள்வி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்தார். மனத்தை ஆறாவதாக வைத்தார். உயிரின் முதல் அறிவு தொடுதலே என்னும் இக்கருத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆயின், அத்தொடுவுணர்வே சிக்கலாக அமைந்துவிட்ட குழந்தைகள் நம் தெருவிலும் நம் குடும்பங்களிலும் வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்த திருமணம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். நிக்காஹ் முடிந்து அனைவரும் விருந்துக்கு எழுந்த வேளை. 13 வயதுச் சிறுவன் ஒருவன் வழியில் நின்று, கடந்து செல்லும் பெண்களின் பட்டுச் சேலைத் தலைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எவர் முகத்தையும் அவன் நோக்கவில்லை. பட்டின் வழவழப்பிலேயே அவன் கருத்து ஊன்றியிருந்தது. பெரியவர் ஒருவர் அவன் கையைத் தட்டிவிட்டு, அவன் தாயைப் பார்த்து, "புள்ளைய வளர்க்கிற லட்சணமா இது?" என்று உரக்கக் கடிந்தார். சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். தாய் உணவருந்தாமலே மகனை அழைத்துக்கொண்டு வெளியேறினார். அங்கிருந்த எவரும், நாம் உட்பட, ஒரு சொல்லும் பேசவில்லை.

அச்சிறுவன் ஆட்டிசம் உடையவன் என்பதைப் பின்னரே அறிந்தோம். "நாலு வயசில் இவன் சேலையைத் தடவினால் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவார்கள். இப்போது அடிக்க வருகிறார்கள். எது மாறியது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தாய் நம்மிடம் கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. புலன் நாட்டத்தால் எழும் நடத்தைகளுக்குப் பாதுகாப்பான எல்லையை இக்குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை இங்கு ஆராய்வோம்.

ஆட்டிசமும் புலன்களும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட தொடக்கமாகும். மறு ஆண்டு, 1944-இல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஒத்த இயல்புடைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். உரத்த ஓசைகளைக் கண்டு குழந்தைகள் அஞ்சியதைக் கானர் அப்போதே குறித்துள்ளார். எனினும், புலனுணர்வு மாறுபாடு ஆட்டிசத்தை அறியும் அளவுகோல்களுள் ஒன்றாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 2013-இல்தான்.

தமிழில் இந்நிலையை 'மதியிறுக்கம்' என்று சிலர் வழங்குகின்றனர். இச்சொல் முழுப் பொருத்தமுடையதாக நமக்குத் தோன்றவில்லை. இக்குழந்தைகள் பலரிடம் இறுக்கத்தைக் காட்டிலும் திறந்து கிடக்கும் புலன் வாயில்களையே காண்கிறோம். ஆதலின், மக்கள் வழக்கில் உள்ள 'ஆட்டிசம்' என்னும் சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

இக்குழந்தைகளின் புலனுணர்வை மூவகையாகக் காணலாம். முதலாவது மிகையுணர்வு. குக்கரின் விசில், மிக்சியின் இரைச்சல், சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டு ஆகியவை நமக்குப் பொருட்டல்ல. அக்குழந்தைக்கோ அவை பொறுக்கவொண்ணா வேதனை. இரண்டாவது குறையுணர்வு. முழங்காலில் குருதி வழிந்தாலும் உணராமல் விளையாடும் குழந்தையை இதற்குச் சான்றாகக் கூறலாம். மூன்றாவது புலன் நாட்டம். சுழலுதல், குதித்தல், முகர்தல், மெல்லுதல், தடவுதல், ஆடும் விசிறியையே நோக்கியிருத்தல் போன்றவை இதன்பாற்படும். ஒரே குழந்தையிடம் இம்மூன்றும் இருத்தல் கூடும். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையே தான் உரக்கக் கத்துவதும் உண்டு. பிறர் எழுப்பும் ஓசை அறிவிப்பின்றி வருவது. தான் எழுப்பும் ஓசை தன் ஆட்சியில் இருப்பது.

ஐம்புலன்களோடு மேலும் சில உணர்வுகளையும் இக்கால அறிவியல் கூறுகிறது. உடலைச் சாயாமல் நிறுத்தும் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் அழுத்த உணர்வு, பசி, தாகம், நோவு ஆகியவற்றைச் சொல்லும் அக உணர்வு என்பன அவை. இவ்வுணர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவதன் இன்றியமையாமையை அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ் 1972-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார்.

நடத்தையின் பின்னே நிற்கும் தேவை

ஒரு நடத்தையைக் காணும்போது நாம் முதலில் கேட்பது, "இதை எப்படி நிறுத்துவது?" என்பதே. அதற்கு முன் கேட்கவேண்டியது, "இது இக்குழந்தைக்கு எதைத் தருகிறது?" என்பதாகும். இதற்குச் சிறந்த சான்று டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையாரின் வாழ்க்கை.

1947-இல் அமெரிக்காவில் பிறந்த இவர் மூன்றரை வயது வரை பேசவில்லை. யாரேனும் தழுவினால் உணர்வு பெருக்கெடுத்துத் தாங்கமாட்டாமல் திமிறி விலகுவார். ஆயினும், அழுத்தம் தரும் அமைதியை அவர் உள்ளம் நாடியது. இளமையில் அரிசோனாவிலுள்ள உறவினர் பண்ணையில், மாடுகளுக்கு ஊசி போடும்போது இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கூண்டைக் கண்டார். அதனுள் நின்ற மாடுகள் சில அமைதியுற்றதைக் கவனித்தார். தம் 18ஆம் வயதில் தமக்கென அத்தகைய அழுத்தப் பொறி ஒன்றைச் செய்துகொண்டார். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உரிய விசை அவர் கையிலேயே இருந்தது. உளவியல் அறிந்தோர் சிலர் அதனைத் தகாத பழக்கமென்று கருதி விலக்க முயன்றனர். அவருடைய அறிவியல் ஆசிரியரோ, அது ஏன் அமைதி தருகிறது என்பதை ஆராயுமாறு ஊக்கினார். மாணவி ஆராய்ச்சியில் இறங்கினார். ஆழ்ந்த அழுத்தம் தரும் அமைதி குறித்து 1992-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். கால்நடை அறிவியல் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

இவ்வரலாற்றில் ஆசிரியர்களாகிய நாம் கற்க வேண்டியவை இரண்டு. தேவை மறுக்கப்படவில்லை, அதற்குரிய இடமும் முறையும் அமைந்தன. விசை பிறர் கையில் இல்லை. அழுத்தம் வேண்டியவரின் கையிலேயே இருந்தது. 'அழுத்தம் நல்லது' என்று கேட்டறிந்து, திமிறும் குழந்தையைப் போர்வையால் இறுகச் சுற்றுவது இதற்கு நேர்மாறானது, மூச்சுக்கே தீங்கானது.

எல்லையின் மூவகை

எல்லா நடத்தைக்கும் எல்லை வேண்டுவதில்லை. அவற்றை மூன்றாகப் பகுத்துக்கொள்வது நலம்.

ஒன்று, எவருக்கும் தீங்கற்றவை. கையை உதறுதல், முன்னும் பின்னும் அசைதல், விரல்களைக் கண்முன் ஆட்டுதல் போன்றவை பெரும்பாலும் குழந்தை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகள். பார்ப்போர்க்கு விந்தையாகத் தோன்றுவது ஒன்றே இவற்றைத் தடுப்பதற்குக் காரணமாகாது. இங்கே கற்க வேண்டியவர்கள் பார்ப்போரே.

இரண்டு, இடமும் காலமும் ஆளும் அறிந்து செய்யவேண்டியவை. பிறர் தலைமுடியை முகர்தல், சேலையைத் தடவுதல், அறியாதவரைத் தழுவுதல், உடை உறுத்துவதால் பலர் முன் அதைக் களைதல் போன்றவை இவ்வகையின. இவற்றுக்கு மாற்றும் எல்லையும் வேண்டும்.

மூன்று, உடனே தடுக்கவேண்டியவை. தலையைச் சுவரில் மோதுதல், உண்ணத் தகாதவற்றை விழுங்குதல், சாலையிலோ நீர்நிலையிலோ சென்று இறங்குதல் ஆகியவை உயிருக்கே கேடானவை. நீரின் ஒளியும் குளிர்ச்சியும் இக்குழந்தைகள் பலரை ஈர்க்கின்றன. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியேற முயன்றவர்கள் எனத் தெரியவந்தது. கிணறும் குளமும் கடலும் சூழ்ந்த நம் ஊர்களில் இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. கிணற்றுக்கு மூடி, கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் நீர்த்தொட்டியருகே ஒருவரின் கவனம் ஆகியவை முதலில் வேண்டும். நீந்தக் கற்பித்தலும் நன்று. ஆனால் அது கண்காணிப்புக்கு ஈடாகாது.

மாற்று அளித்தல்

எல்லை கற்பிக்கும் முன் மருத்துவரைக் காண்பது கடமை. காது வலியால் தலையை மோதும் குழந்தையும், பல்வலியால் துணியைக் கடிக்கும் குழந்தையும் உண்டு. மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் பழக்கத்தோடு இரும்புச் சத்துக் குறைவு சேர்ந்திருத்தல் கூடும். வலியைச் சொல்ல மொழியில்லாத குழந்தையிடம் நடத்தையே மொழியாகிறது.

அடுத்து, நடத்தை எப்போது, எங்கே, எதற்குப் பின் நிகழ்கிறது என்பதை ஓரிரு வாரம் ஏட்டில் குறித்துவர வேண்டும். கூட்டத்திலும் இரைச்சலிலும் மட்டுமே அது மிகுகிறதென்றால், இரைச்சலைக் குறைப்பதே முதல் மருந்து.

பின்னரே மாற்று. மாற்று, குழந்தை நாடும் அதே உணர்வைத் தருவதாக இருத்தல் வேண்டும். சட்டையைக் கடிப்பவனுக்கு வண்ணப்படம் மாற்றாகாது. மெல்லத்தக்க பாதுகாப்பான பொருளே மாற்றாகும். மேசைமீது ஏறிக் குதிப்பவனுக்குத் தரையில் விரித்த மெத்தை வேண்டும். மேலே கூறிய தாய் செய்தது இதுவே. தம் பழைய பட்டுச் சேலையிலிருந்து கைக்குட்டை அளவு வெட்டி, ஓரம் தைத்து, மகனின் சட்டைப் பையில் வைத்தார். பட்டு வேண்டும்போது பைக்குள் கையிட அவனைப் பழக்கினார். பலமுறை தவறினான், பல மாதங்கள் ஆயின. இன்றும் சில நேரம் பிறர் சேலையை நோக்கி அவன் கை நீள்வதுண்டு. எனினும் பாதி வழியில் அக்கை பையை நினைத்துத் திரும்புகிறது என்று அவர் கூறியபோது நாம் நெகிழ்ந்தோம்.

இப்பழக்கத்தை அமைதியான வேளையில் கற்பிக்க வேண்டும். அலறும் நேரம் பாடம் நடத்தும் நேரமன்று. அப்போது வேண்டுவது பாதுகாப்பும் மௌனமுமே. வீட்டில் தாய் மறுப்பதைப் பாட்டி அனுமதித்தால் குழந்தைக்கு விதியே விளங்காது. வீடும் பள்ளியும் உறவினரும் ஒரே விதியை ஒரே சொல்லால் கூறவேண்டும்.

எல்லையைக் கற்பிக்கும் மொழி

தமிழாசிரியர்களாகிய நாம் உதவக்கூடிய இடம் இது. ஆட்டிசக் குழந்தைகள் பலர் சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்வர். "சும்மா இரு" என்பதில் 'சும்மா' என்பதற்கு அவர்கள் என்ன பொருள் கொள்வர்? "கொஞ்ச நேரம்" என்பது எத்தனை நிமிடம்? "நல்ல பிள்ளையாக நடந்துகொள்" என்பது கையால் செய்யும் செயலா, காலால் செய்யும் செயலா? நமக்கு இயல்பான இத்தொடர்கள் அவர்களுக்குப் புதிர்கள்.

நம் ஏவல் வினையின் அமைப்பும் கருதத்தக்கது. 'தொடாதே', 'ஓடாதே' என்னும் சொற்களில் வினைப்பகுதி முன் நிற்கிறது. மறுப்பை உணர்த்தும் உறுப்பு அதன் பின்னரே வருகிறது. இரைச்சலுக்கிடையே சொல்லின் முற்பகுதியை மட்டும் பற்றும் குழந்தை, 'தொடு', 'ஓடு' என்பவற்றையே கேட்டிருத்தல் கூடும். மேலும், மறுப்பு ஏவல் செய்யத் தகாததைச் சொல்கிறதேயன்றிச் செய்யத் தக்கதைச் சொல்வதில்லை. ஆதலின் 'ஓடாதே' என்பதற்கு 'நட' எனவும், 'கத்தாதே' என்பதற்கு 'மெல்லப் பேசு' எனவும், 'தொடாதே' என்பதற்கு 'கை பையில்' எனவும் கூறுவது பயன்தரும். சொல்லோடு படமும் காட்டினால் பொருள் நிலைக்கும். சொல் மறைந்துவிடுவது; படம் கண்முன் நிற்பது.

அமெரிக்க ஆசிரியையான கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த 'சமூகக் கதை' என்னும் முறையும் இங்குப் பயன்படும். ஒரு சூழலில் என்ன நிகழும், என்ன செய்யலாம் என்பதைக் குழந்தையின் கூற்றாகச் சிறு தொடர்களில் முன்கூட்டியே எழுதிப் படித்துக்காட்டுவது இம்முறை. அத்திருமணத்திற்கு நாமே ஒரு கதை எழுதுவோமாயின் அது இவ்வாறு அமையும்:

"நான் உம்மாவோடு கல்யாணத்துக்குப் போகிறேன். அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். சிலர் பட்டுச் சேலை உடுத்தியிருப்பார்கள். பட்டு வழவழப்பாக இருக்கும். எனக்குப் பட்டு பிடிக்கும். அந்தச் சேலை அவர்களுடையது. என் பையில் என் பட்டு இருக்கிறது. நான் என் பட்டைத் தடவலாம். சத்தம் அதிகமானால் உம்மாவிடம் மஞ்சள் அட்டையைக் காட்டலாம். நாங்கள் வெளியே போய் உட்காருவோம்."

இக்கதையில் ஏச்சு இல்லை, அச்சுறுத்தல் இல்லை. குழந்தையின் விருப்பம் குற்றமாக்கப்படவில்லை என்பதையும் நோக்குக.

உறவுப் பெயரும் தொடுதலும்

நம் பண்பாட்டின் இனிமைகளுள் ஒன்று, அறியாதவரையும் உறவு முறையால் அழைப்பது. பேருந்து நடத்துநர் 'அண்ணன்', கடைக்காரர் 'மாமா', அண்டை வீட்டார் 'சாச்சா'. மற்றக் குழந்தைகள் இதில் உள்ள வேறுபாட்டை எவரும் கற்பிக்காமலே உணர்ந்துகொள்கின்றனர். ஆட்டிசக் குழந்தைக்கோ வீட்டு மாமாவும் கடை மாமாவும் ஒரே சொல்லாதலால் ஒருவராகவே தோன்றலாம். வீட்டு மாமாவின் மடியில் அமரலாமெனில் கடை மாமாவின் மடியில் ஏன் அமரக்கூடாது?

எனவே வட்டங்கள் வரைந்து கற்பிப்பது தக்கது. நடுவட்டத்தில் குழந்தையின் ஒளிப்படம். அடுத்த வட்டத்தில் தாய், தந்தை, உடன்பிறந்தோர். இவர்களைக் கேட்டுத் தழுவலாம். அதற்கடுத்ததில் உறவினரும் ஆசிரியரும். இவர்களுக்கு ஸலாம், கைகுலுக்கல். வெளிவட்டத்தில் கடைக்காரர், நடத்துநர் முதலியோர். இவர்களுக்குக் கையசைப்பு மட்டும். உரியவர்களின் படங்களையே ஒட்டிவிட்டால் உறவுப் பெயரால் வரும் மயக்கம் நீங்கும்.

எல்லை இருபுறத்ததாதல்

இதுகாறும் பிறர் எல்லையைக் குழந்தை மதிப்பது பற்றிக் கூறினோம். குழந்தையின் எல்லையை நாம் மதிக்கிறோமா? கன்னத்தைக் கிள்ளுகிறோம். விலகும் குழந்தையை இழுத்து முத்தமிடுகிறோம். "என் கண்ணைப் பார்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்புகிறோம். பிறகு, அதே குழந்தை கேளாமல் நம்மைத் தொட்டால் ஒழுக்கக் கேடு என்கிறோம். தனக்கு இல்லாத எல்லையைப் பிறருக்கு உண்டென்று ஒரு குழந்தை எவ்வாறு நம்பும்?

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. எவர் சொன்னாலும், எவர் தொட்டாலும் பணிந்திருக்கவே பழக்கப்பட்ட குழந்தை, தீய எண்ணத்தோடு தொடுபவனிடமும் பணிந்தே இருக்கும். 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் வன்கொடுமையைக் கடுமையான குற்றங்களுள் வைத்திருப்பது இவ்வாபத்தை உணர்ந்தேயாகும். சட்டம் தண்டிக்கும், முன்னரே காப்பது கல்வி. ஆதலால், "எனக்கு வேண்டாம்" என்னும் தொடரே இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கவேண்டிய முதல் பாதுகாப்புப் பாடம். இவர்களுள் சிலர் 'நான்', 'நீ' என்பவற்றை இடம்மாற்றிக் கூறுவதைக் கானரே குறித்துள்ளார். "உனக்கு வேண்டாமா?" என்று நாம் வினவினால் அதையே திருப்பிக் கூறுவர். எனவே குழந்தையின் அருகில் நின்று, அதன் குரலாக, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக் காட்டவேண்டும். பேசாத குழந்தைக்கு விரித்த கையின் படம் வரைந்த அட்டை போதும். அட்டையைக் காட்டியவுடன் நாம் கையை எடுத்துவிட வேண்டும். ஒருமுறை புறக்கணித்தாலும் அச்சொல்லின் பொருள் அழிந்துவிடும். மருந்தூட்டல் போன்ற தவிர்க்கவொண்ணாத வேளைகளில் முன்னரே சொல்லிவிட்டுத் தொடவேண்டும். உடலுறுப்புகளின் பெயர்களையும் மறைக்காமல் கற்பிக்கவேண்டும். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்த துன்பத்தை முறையிட இயலாது.

நம் மார்க்கம் இதற்குத் தடையன்று, துணையே ஆகும். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய அந்-நூர், வைகறைத் தொழுகைக்கு முன்னும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இரவுத் தொழுகைக்குப் பின்னும் பருவமெய்தாத சிறுவரும் அனுமதி கேட்டே நுழையவேண்டும் என்று விதிக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே, வீட்டிற்குள்ளேயே, எல்லையைக் கற்பிக்கவேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. எந்நேரமும் என்று பொதுவாகக் கூறாமல் மூன்று வேளைகளை வரையறுத்துக் கூறியிருப்பது, தெளிவான விதியை நாடும் இக்குழந்தைகளுக்கு ஏற்ற கல்விமுறையாகவும் அமைகிறது. கதவைத் தட்டுதல், நிற்றல், விடை கேட்டல், நுழைதல் என நான்கு படங்களால் இதனைக் கற்பிக்கலாம். அவ்வாறே, அக்குழந்தையின் அறைக் கதவை நாமும் தட்டிச் செல்லவேண்டும்.

சமுதாயத்தின் கடமை

ஆட்டிசம் வளர்ப்புக் குறையால் வருவதன்று. தாயின் அன்பின்மையால் வருவதுமன்று. இக்குழந்தைகளுக்குச் சட்ட உரிமைகள் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை நம் பெற்றோர் அணுகலாம்.

ஜமாஅத் பெரியோர்களிடம் நாம் வேண்டுவன சிலவே. திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி எட்டாத அறை ஒன்றை இக்குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். பள்ளிவாசலுக்கு இக்குழந்தை வரும்போது கதவோரம் ஓரிடம் தாருங்கள். தாயைக் கடியுமுன், "எப்படி உதவலாம்?" என்று கேளுங்கள். ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் நம் மாணவ மாணவியர்க்கும் ஒன்று கூறுவோம். நாளை உங்கள் வகுப்பில் இத்தகைய குழந்தை ஒன்று அமரும். அதன் கையைக் கட்டிப்போடும் முன், அக்கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்.

முடிவுரை

புலன் நாட்டம் குற்றமன்று, எல்லை தண்டனையுமன்று. நாட்டத்தின் காரணத்தை அறிந்து, ஒத்த மாற்றளித்து, தெளிந்த சொல்லாலும் படத்தாலும் இடமும் காலமும் ஆளும் உணர்த்தி, குழந்தையின் மறுப்பையும் மதித்துக் கற்பித்தால் எல்லை காவலாகிறது. அன்று அம்மண்டபத்தில் நாம் மௌனமாக நின்றோம். அறிந்தபின்னும் மௌனமாக நிற்பது தகாது என்னும் உணர்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இனியொரு விருந்தில் எந்தத் தாயும் உண்ணாமல் எழுந்து செல்லாதிருக்க நாம் அனைவரும் முயல்வோமாக. அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக.